இடம் இருக்கு

டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தச் சபையில் சாட்சி சொல்வதற்கென்று ஒரு நேரம் உண்டு. பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால், ஆண்டவர் யாருக்கு என்ன செய்தாரோ அவர் எழுந்து நின்று அதைச் சொல்லலாம். வேலை கிடைத்தவர் சொல்வார், காய்ச்சல் விட்டவர் சொல்வார், காணாமல் போன பீரோச் சாவி கிடைத்ததைக் கண்ணீரோடு சொன்ன ஆளும் உண்டு. எல்லாம் நடந்து முடிந்த விஷயங்கள். காஜா அக்கா செய்த தப்பு, நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டதுதான்.

நடக்கப்போவதை நடந்துவிட்டது என்று சொன்னால் அந்த மாடியில் அதற்கு விசுவாசம் என்று பேர். படி இறங்கி வெளியே வந்தால் அதற்கு வேறு பேர். இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

காஜா அக்கா என்கிற பட்டப்பெயர் வேலையால் வந்தது. பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் பட்டறையில் காஜா மெஷினில் உட்கார்ந்திருப்பவள் அவள். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டி, நடுவில் கத்தியை இறக்க வேண்டும். தையல் கோணினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். காஜா கோணினால் போச்சு. கத்தி இறங்கிய துணியை யாராலும் ஒட்ட முடியாது. அக்காவின் கை அத்தனை வருஷத்தில் கோணியது கிடையாது. வாய்தான் ஒருநாள் கோணிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கண்டக்டர் என்றால்தான் தெரியும். வெண்கலக் குரல். பஸ் நிரம்பி வழியும்போதும், படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து, "இடம் இருக்கு, உள்ள போங்க, இடம் இருக்கு" என்று அவர் சத்தம் கொடுத்தால் இல்லாத இடம் எங்கிருந்தோ உண்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அதே குரல்தான். "நீங்க பாடினா கீழ இருக்கிற டயருக்கெல்லாம் தானா காத்து ஏறிடுது" என்று பாஸ்டரே அவரைக் கிண்டல் செய்வார்.

ஒருநாள் மதியம், ஓடுகிற பஸ்ஸில், டிக்கெட் கிழிக்கப் போன கை பாதியில் நிற்க, மனிதர் அப்படியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டுவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கை விழுந்தது, வலது கால் இழுத்தது, பேச்சு போயிற்று. முழுசாகப் போயிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். ஒரே ஒரு பேச்சு மட்டும் மிச்சம் நின்றது.

வார்டுக்குள் டாக்டர் வந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்து, "இடம் இருக்கு, உள்ள போங்க" என்றார். ஊசி போட நர்ஸ் வந்தாள். அவளுக்கும் "இடம் இருக்கு". தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். அழும்போதும் வாயில் அதுவே வந்தது. வார்டே சிரித்தது. உயிர் திரும்பிவிட்ட சந்தோஷத்தில் அக்காவும் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். அக்காவை ஓரமாக அழைத்துச் சொன்னார். "நீங்க பேசறது எல்லாம் அவருக்குப் புரியும்மா. சொல்ல நினைக்கிறதும் உள்ளதான் இருக்கு. வெளிய எடுக்கப் போனா பழகின அந்த ஒண்ணுதான் கைக்கு வருது. தினமும் அவர்கூடப் பேசிக்கிட்டே இருங்க."

அக்கா பேசினாள். காலையில் முகம் துடைத்துவிடும்போது பேசினாள், டீயை ஆற்றி ஊட்டும்போது பேசினாள். ஒற்றைக் கையால் பட்டன் போடப் பழகட்டும் என்று அவருடைய சட்டைகளையெல்லாம் பட்டறைக்கு எடுத்துப் போய், காஜாவை ஒரு நூல் அகலமாக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் வீட்டுக்குள்ளே. வாசலில் யாராவது வந்து நின்றால்தான் அவளுக்குச் சங்கடம். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆளிடம் கண்டக்டர் "இடம் இருக்கு, உள்ள போங்க" என்று சொல்ல, அவன் நேரே படுக்கையறைக்குள் போய் மீட்டரைத் தேடினான். அன்று அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு கதவு தட்டப்பட்டால் முதல் வேலையாக அவர் இருக்கும் அறையைச் சாத்திவிட்டுத்தான் வாசலுக்குப் போவாள்.

பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம். அவருக்காக அவள் வருத்தப்பட்டது உண்மை. அவரால் அவள் வெட்கப்பட்டதும் உண்மை. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் அவளால் நிமிர்ந்து பதில் சொல்லியிருக்க முடியாது.

சபை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சாத்திய அறைக்கு வெளியே நின்று ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். "ஆண்டவர் சமீபமா இருக்கார் சிஸ்டர், தைரியமா இருங்க" என்று பாஸ்டர் போன் செய்து சொல்வார். பட்டறைச் சத்தத்தில் காது கேட்காது என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாள். எதிர் மேஜையில் கத்தரியோடு நிற்கும் கட்டிங் மாஸ்டருக்கும் அது கேட்கும். மாஸ்டருக்குச் சபையும் கிடையாது சாமியும் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

"சமீபமான்னா எப்ப அக்கா? போன மாசமா, போன வருஷமா? பேப்பர்ல சமீபத்துலன்னு போட்டா நடந்து முடிஞ்சு போனதத்தான சொல்றாங்க."

"கிட்டத்துலன்னு அர்த்தம் மாஸ்டர். துணிய வெட்டுங்க, வார்த்தைய வெட்டாதீங்க" என்று அக்கா ஒரு போடு போட்டாள். பட்டறையே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி மாஸ்டரோடு போகவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

வாரம் வாரம் சபையில் "எப்படி இருக்கார்?" என்று கேட்பார்கள். "அப்படியேதான் இருக்கார்" என்பாள். முதலில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தோளைத் தட்டினார்கள். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்கள். கடைசியில் ஒரு அம்மாள் காதருகே வந்து, "வீட்டுல ஏதாவது தடை இருக்கான்னு பாத்துக்கங்க. இல்லன்னா இத்தன ஜெபத்துக்கு அசையாம இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கூனிக் குறுகிப் போனாள். தன் வெட்கத்தைத்தான் அந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயம் வேறு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. சாட்சி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று அக்கா நினைக்கவே இல்லை. கால் தானாக எழுந்து நின்றுவிட்டது. "நேத்து சாயங்காலம் என் வீட்டுக்காரர் பேசிட்டார். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டார்" என்றது வாய்.

சபை கைதட்டியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவளுக்குப் பொய் சொன்ன மாதிரியே இல்லை. ஆண்டவர் கிட்டத்தில்தானே இருக்கிறார், கேட்டிருப்பார், இத்தனை பேர் முன்னால் தன்னைக் கைவிட்டுவிடுவாரா, தான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சரி செய்துவிடுவார் என்று இருந்தது. அதாவது ஆண்டவரை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், இனி எப்படித் தப்பிக்கிறீர் பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றாள். "என் பேரச் சொல்லுங்க" என்றாள். அவர் அவளையே பார்த்தார். உதடு கூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. "இடம்" என்றார். "இடம் இருக்கு."

"என் பேருங்க. ஒரே ஒரு தடவ."

"இடம் இருக்கு. உள்ள போங்க."

அக்கா வலது கையால் அவர் வாயைப் பொத்தினாள். மெதுவாக அல்ல. பல்லில் உதடு அழுந்தும்படி பொத்தினாள். அவர் தலையைத் திருப்பவில்லை, அவளுடைய கையைத் தள்ளவுமில்லை. அவள் கை எடுக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் மறுபடி ஒருமுறை, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, அதையே தணிந்த குரலில் சொன்னார். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து அவளால் ஜெபிக்க முடியவில்லை. இத்தனை நாள் ஆண்டவர் கிட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் அவளுக்கு ஆறுதல். இப்போது அதுவே பயமாகிவிட்டது. கிட்டத்தில் இருந்தார் என்றால் சபையில் சொன்னதைக் கேட்டிருப்பார். வாயைப் பொத்தியதைப் பார்த்திருப்பார். கொஞ்சம் தள்ளியே இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. சாப்பிடுவதற்கு முன்னால் வழக்கமாகச் சொல்லும் ஜெபத்தையும் கண்ணைத் திறந்துகொண்டு, வேகமாக, முகம் பார்க்காமல் பேசுகிற மாதிரி சொல்லி முடித்தாள். சபையிலிருந்து யார் பார்க்க வந்தாலும் "இப்பத்தான் தூங்கினார்" என்றாள். அவர் அப்படித் தூங்கிக்கொண்டே இருந்தார்.

பால் பூத் நடத்தும் பெண் ஒருத்தியும் அந்தச் சபைக்கு வருகிறவள். ஒருநாள் அவள் பட்டறைக்கே தேடி வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என் தம்பி வெல்டிங் பட்டறையில இருந்தான்ல, அவனுக்கும் நம்ம கண்டக்டர் அண்ணனுக்கு வந்ததுதான் வந்துச்சு. ஒரு சத்தம் வராது அக்கா. சுவரப் பாத்தே படுத்திருப்பான். நீங்க சொன்ன சாட்சிய அவன்கிட்டப் போய்ச் சொன்னேன். திரும்பிப் படுத்தான் அக்கா. இத்தன மாசத்துல மொத தடவ. அவரப் பாக்கணும்னு கைய ஆட்டிக் காட்டறான். வர்ற ஞாயித்துக்கிழம தூக்கிட்டு வரப்போறேன். அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்த பேசினாப் போதும்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "சரி" என்றாள். வேறு என்ன சொல்வாள்.

அவள் போன பிறகு அக்காவின் கை அது பாட்டுக்கு ஓடியது. மாஸ்டர் வந்து ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார், இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தார். பட்டன் வர வேண்டிய பக்கத்தில் வரிசையாகக் காஜா இறங்கியிருந்தது. அந்தக் கட்டு முழுக்க அப்படித்தான். மாஸ்டர் வாய்க்கு அன்று கிண்டல் வரவில்லை. "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"தப்பான எடத்துல வெட்டிட்டேன் மாஸ்டர்" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் சட்டையைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டென்பதால் சபைக்கு அதிகம் வருவதில்லை. பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"அப்பா உன் பேரச் சொன்னாராமே. கடைக்கு வந்தவங்க சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரியல போல."

கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல் பாத்திரத்தைத் துடைத்தாள்.

"மெதுவாப் பேசுடி. அப்பா கேக்கறார்."

"கேக்கட்டும். அவர்தானே பேசினதா சொல்லியிருக்க. என்ன பேசினோம்னு அவருக்கும் தெரியணும்ல."

அக்கா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள். "நாளைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்" என்றாள்.

"நாளைக்கு வரப்போற காய்ச்சல் உனக்கு இன்னைக்கே தெரிஞ்சுபோச்சா? எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடறியேம்மா நீ."

சொன்னவளுக்கே சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது கண்டக்டரின் முகம் சிவந்திருந்தது. கோபம் இல்லை. அவருக்கும் வெட்கம். தன்னால்தான் இவள் பொய் சொல்ல வேண்டியதாயிற்று என்கிற வெட்கம். வெட்கப்பட வேண்டியவள் இங்கே நிற்க, அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் அக்காவின் நெஞ்சு பிளந்தது.

மறுநாள் காலையில் அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையாலேயே எல்லாப் பட்டனும் போட்டாகிவிட்டது. ஒன்று தள்ளிப் போட்டிருந்ததால் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. "இடம் இருக்கு" என்றார் அவளிடம். சபைக்கு வருகிறேன் என்கிறாரா, போகாதே என்கிறாரா, அது அவருக்குத்தான் தெரியும். அக்கா முன்னால் உட்கார்ந்து பட்டனையெல்லாம் கழற்றி முதலிலிருந்து போட்டுவிட்டாள். கடைசிப் பட்டனுக்கு வருவதற்குள் கூட்டிப்போவது என்று முடிவாகியிருந்தது. அங்கே போய் என்ன சொல்வது என்பதுதான் முடிவாகவில்லை.

அந்த மாடிப்படி ஒடுக்கமானது. மகள் ஒரு பக்கமும் டயர் கடைக்காரர் ஒரு பக்கமுமாகப் பிடித்து அவரை ஏற்றினார்கள். ஆறுமாதத்துக்கு மேல் காணாத முகம். சபையே திரும்பியது. பால் பூத்காரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசைப் பெஞ்சில் ஒரு இளைஞன் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தான். கைகளில் வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள். கண் மட்டும் கண்டக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் கண்டக்டரை உட்கார வைத்தார்கள், மகள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அக்கா உள்ளே வரவில்லை. செருப்புகள் கிடக்கும் வாசலோரத்தில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடிந்தது. "இன்னைக்கு நம்ம கண்டக்டர் பிரதர் ஒரு வார்த்த சொல்வார்" என்றார் பாஸ்டர்.

"வேண்டாம் பாஸ்டர்" என்றாள் அக்கா வாசலிலிருந்து. "அவர் என் பேரச் சொல்லல. நான் சொன்னது பொய். சொன்னா நடந்துடும்னு நெனச்சேன். நடக்கல. அவருக்கு ஒரே ஒரு பேச்சுதான் வருது. அதக் கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. அதுக்கு வெட்கப்பட்டுத்தான் அவர வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டினேன். வீட்டுல தடை இருக்கான்னு கேட்டீங்க. இருந்துச்சு. நான்தான்."

பால் பூத்காரி மெதுவாக எழுந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"என் தம்பிய இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தேனே அக்கா. அவன்கிட்ட நான் இப்ப என்ன சொல்றது?"

அக்காவுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் மன்னிப்பு என்பது ரொம்ப மலிவாக இருந்தது. இங்கே தனக்கு இனி வேலையில்லை என்று தெரிந்தது. அவரை மகள் கூட்டிக்கொண்டு வரட்டும். அக்கா குனிந்து தன் செருப்பைத் தேடினாள். கண்ணீரில் எல்லாச் செருப்பும் ஒன்று போலத் தெரிந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பழைய வெண்கலக் குரல். பஸ் நிறையக் கூட்டத்தைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் போய்ச் சேர வேண்டிய குரல்.

"இடம் இருக்கு. உள்ள போங்க. இடம் இருக்கு."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் உடம்பைத் திருப்பி, வாசலில் செருப்போடு நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்து, இடது கையால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே உண்மையில் இடமே இல்லை. ஒரு பக்கம் வெல்டர், இன்னொரு பக்கம் பெஞ்சு முடிந்துவிட்டது.

வெல்டர் தம்பி அவர் வாயைப் பார்த்தான். பெஞ்சைத் தட்டும் கையைப் பார்த்தான். பிறகு நல்ல கையைப் பெஞ்சில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை மறுபக்கமாக நகர்த்தினான். பால் பூத்காரி பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். ஒருத்தி ஒடுங்கி உட்காரும் அளவுக்கு இடம் உண்டாயிற்று.

அக்கா செருப்பை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். வெட்கம் எங்கேயும் போய்விடவில்லை. ஒவ்வொரு வரிசையைத் தாண்டும்போதும் அது அவள் முகத்தில் எரிந்தது. அந்த வெட்கத்தோடேயே போய், இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு தோளும் இடிக்க, உட்கார்ந்தாள். பால் பூத்காரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் விலகி வேறிடம் போகவும் இல்லை.

கண்டக்டர் இடது கையை நீட்டி அவள் கையைத் தேடினார். கிட்டத்தில் இருந்த இடது கையை விட்டுவிட்டு, வலது கையைத்தான் எடுத்தார். அவர் வாயைப் பொத்திய கை. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார்.

"இடம் இருக்கு."

"தெரியுதுங்க" என்றாள் அக்கா.